சனியோட நிலாவுல உசுரு இருக்க வாய்ப்பு இருக்குதுங்களா?

காங்கேயத்தான்:
என்சலாடஸ் பத்திப் படிச்சுட்டு இருக்கேனுங்க. குறுக்களவு 500 கிலோமீட்டர்தான், மேல பூரா ஐஸ், அடியில கடல். 2005ல காசினி கலம் போய்ப் பாத்தப்ப தென்துருவத்து வெடிப்புல இருந்து தண்ணி பீச்சியடிச்சுட்டு இருந்துச்சாம். வெளிச்சமே போகாத, உப்பும் காரமுமா இருக்கற அந்தத் தண்ணியில ஒரு கிருமியாவது பொழைக்குமுங்களா?

டேங்க்காரன் திருப்பூர்:
தம்பி, நான் சாயத்தண்ணி சுத்திகரிப்பு நிலையத்துல பயாலஜிக்கல் டேங்க், அதாவது பாக்டீரியாவை விட்டுக் கழிவைத் தின்ன வெக்கற தொட்டி பாக்கறவன். காட்டன் துணியில சாயம் ஏறணும்னா பட்டறையில உப்பும், சோடியம் கார்பனேட்ங்கற சோடாவும் கொட்டுவாங்க. என்சலாடஸ்ல இருந்து தெறிச்ச ஐஸ் துகள்லயும் காசினி கண்டது சோத்து உப்பு, சோடியம் கார்பனேட் வகையறாதான்! பாஸ்பேட்டும் இருக்குதுன்னு 2023ல சொன்னாங்க. எங்க டேங்க்ல பாக்டீரியாவுக்கு அது பத்தலைன்னா டிஏபி உரத்தைக் கரைச்சு ஊத்தறோம்.

காரத்தை ஆசிட் விட்டுக் கொறைச்சுத்தான் தண்ணிய உள்ள எடுப்போம். உப்பு அப்படியேதான் வரும், அது பின்னாடி ஆர்ஓவுலதான் பிரியும். அந்த உப்புக்குள்ளயே பாக்டீரியா தின்னு பெருகுது. வெடியால ஒரு லிட்டர் ஜாடியில மோந்து அரைமணி நேரம் வெச்சுப் பாப்பேன். பழுப்புச் சேறு அடியில படிஞ்சு மேல தெளிஞ்சு நின்னா அதுக சௌக்கியம்னு அர்த்தம். கலங்கலா நின்னா அன்னிக்குப் பொழப்பு நாறிரும்.

அப்படிக் கலங்கறது பெரும்பாலும் உப்பு எச்சா இருக்கறதால இல்ல, திடீர்னு ஏறி எறங்கறதாலதான். அதனால செவ்வாயோட மேல்தரைய நான் நம்பறதில்ல. பகல் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி, போதாக்குறைக்குக் கதிர்வீச்சு வேற. என்சலாடஸ்ல ஐஸ் மூடி போட்டுக் காப்பாத்துது. எனக்கு அந்த இடம்தான் தோதாப் படுது.

அவிநாசி ரோடு:
அண்ணா, உங்க டேங்க்ல காத்து ஊதற ப்ளோயர் நின்னா என்ன ஆகும்? அங்க காத்துக்கு எங்க போறது?

டேங்க்காரன் திருப்பூர்:
நின்னா நாத்தம்தான். நல்ல கேள்வி, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மைக்ரோபயாலஜி கோவை:
காத்தே வேண்டாத ஜாதியும் இருக்குதுங்ணா. மெத்தனோஜன்கள் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் எடுத்து மீத்தேன் விடும், வெளிச்சமும் தேவையில்ல. என்சலாடஸ்ல பீச்சியடிக்கற அந்தத் தண்ணியில ஹைட்ரஜன் இருக்குதுன்னு 2017ல அறிவிச்சாங்க. ஜப்பான்ல ஒகினாவா பக்கம் கடலடி வெந்நீர் ஊத்துல கெடைச்ச ஒரு மெத்தனோஜனை, என்சலாடஸ்ல இருக்கலாம்னு கணக்குப் போட்ட சூழல்ல வெச்சு வியன்னா ஆய்வாளர்கள் வளத்துக் காட்டுனாங்க. அது 2018ல வந்துச்சு. ஆனா பாறையும் வெந்நீரும் சேந்தாலே ஹைட்ரஜன் வரும், அதை வெச்சு உசுரு இருக்குதுன்னு முடிவு கட்ட முடியாது. இன்னொன்னு, தின்ன ஆள் இருந்தா இவ்வளவு ஹைட்ரஜன் மிச்சம் இருக்குமான்னும் கேக்கறாங்க.

காங்கேயத்தான்:
அப்ப பொழைக்கும்னே வெச்சுக்கலாமுங்களா?

டேங்க்காரன் திருப்பூர்:
கொண்டு போய் விட்டா பொழைக்கலாம் தம்பி. ஆனா எங்க டேங்க்கை நாங்க பாக்டீரியா வரணும்னு மாட்டுச்சாணி கரைச்சு ஊத்தித்தான் ஆரம்பிச்சோம். அங்க எவன் சாணி கரைச்சான்? எனக்கு இடிக்கறது அந்த இடம்தான். வியாழனோட நிலா யூரோப்பாவுக்கு 2024 அக்டோபர்ல கிளம்புன கிளிப்பர் கலம் 2030லதான் போய்ச் சேரும். அதுவும் உசுரைத் தேடப் போகல, பொழைக்கத் தோதான இடமான்னு பாக்கத்தான் போகுது.