மெயினை அணைத்த பிறகும் மினுக்கிய சிவப்பு விளக்கு

பெட்ஃபோர்டு பாலன்
குன்னூரில் மாடி வீடு. கீழே ஓனர், மேலே நாங்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கரண்ட் இணைப்பு (சர்வீஸ்), எங்கள் பங்கைத் தனியாக அளக்க ஒரு சப் மீட்டர், யூனிட் 9 ரூபாய். கீசர் 2000 வாட், அதுவும் காலையில் இருபது நிமிடம்தான். ஃப்ரிட்ஜ், லைட் எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் தாண்டக் கூடாது. வந்தது 290. கேட்டால் ஓனர், "மலைக்குப் புதுசுல்ல தம்பி, குளிருக்கு இழுக்கத்தான் செய்யும்" என்பார்.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினோம். மெயினை அணைத்து, கதவைப் பூட்டி, பையோடு படியிறங்கும்போது பார்க்கிறேன், சப் மீட்டரில், கரண்ட் ஓடினால் மட்டும் மினுக்கும் அந்தச் சிவப்புப் பொட்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மனைவி கீழிருந்து கத்துகிறாள், நான் மினுக்குவதை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். பின்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம். அது நின்றதும் விளக்கும் நின்றது.

ஓனர் தோளில் துண்டோடு வந்தார். "அது மோட்டார் லைன்தான். தண்ணி நீங்களும்தான குடிக்கிறீங்க?" அந்த 'நீங்களும்தான' இன்னும் காதிலேயே இருக்கிறது.

கேத்தி மல்லிகா
எல்லா ஓனரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நானும் வாடகைக்கு விடுபவள்தான். போன ஜூலையில் குடியிருந்த பிள்ளைகள் ரூம் ஹீட்டரை ஓடவிட்டுக் கைக்குழந்தையின் துணியைக் காயவைத்தார்கள். மணிக்கு 2 யூனிட், ராத்திரி நாலு மணி நேரம். நீங்களே பெருக்கிப் பாருங்கள். என் வீட்டோடு சேர்த்து 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. சண்டை போடத்தான் போனேன். அந்தப் பெண் ஒரு குட்டிச் சட்டையை என் கையில் வைத்து, "மூணு நாளாச்சுக்கா, இன்னும் ஈரம்" என்றாள். சில்லென்று இருந்தது. பாதிப் பணம்தான் வாங்கினேன். மீதியை யார் தருவார்கள்?

கூடலூர் ரஃபீக்
மல்லிகா அக்கா, 500ஐத் தாண்டியதற்கு அந்தப் பெண்ணா காரணம்? இரண்டு குடும்பத்தை ஒரே சர்வீஸில் வைத்தது நீங்கள். ஒரு சர்வீஸுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அது உங்கள் வீட்டில் யார் பங்கு? மொத்தம் 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை இருக்கும் குறைந்த விலையும் போச்சு. பாலன் கொடுத்த 9 ரூபாய், 2022 கட்டணத்தில் 600க்கு மேல் எரித்தவருக்குக் கடைசி யூனிட்டுகளில் வந்த விலை. அதை முதல் யூனிட்டிலிருந்தே வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. 1932லேயே பைக்காராவில் கரண்ட் எடுத்த மலையில் நமக்கு இந்தக் கணக்கு!

என் கதை சின்னது. என் ஓனர் ஈ.பி. கார்டைக் கண்ணிலேயே காட்டியதில்லை. பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டுதான் பில்.

கோடை சாந்தி
எனக்குப் பிரச்சினை கரண்ட் இல்லை, தண்ணீர். கொடைக்கானலில் பாம்பார்புரம். சீசனில் லாரித் தண்ணீர் வாங்கி மூன்று வீட்டுக்கும் சமமாகப் பிரித்தார் ஓனர். நாங்கள் இரண்டே பேர். பக்கத்து வீட்டை அவரே நாள் வாடகைக்கு விட்டிருந்தார், ராத்திரி பன்னிரண்டுக்கு ஒரு வேன் நிறையப் பையன்கள் குளிக்கிற சத்தம். விடிந்ததும் குச்சியை விட்டுத் தொட்டியின் ஆழம் பார்த்தேன். நுனி மட்டும்தான் நனைந்தது.

ரிட்டயர்டு சார்
எனக்கும் அருவங்காட்டில் இப்படி ஒன்று நடந்தது, அது கிடக்கட்டும். தம்பி பாலன், முதலில் குடிபோகும் அன்றே சப் மீட்டர் ரீடிங்கை ஓனர் முன்னால் போட்டோ எடுங்கள், ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். போர்டில் இருந்து ரீடிங் எடுக்க வரும் அன்றே சப் மீட்டரையும் குறியுங்கள். நாள் மாறினால் கணக்கு ஒட்டாது. மோட்டார், படிக்கட்டு லைட்டுக்குத் தனி மீட்டர் கேளுங்கள், பிறகு தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கலாம். இரண்டாவது, தகராறு வந்தாலும் பில் தொகையை நிறுத்தாதீர்கள். ஜிபேயில் போட்டு 'ஆட்சேபத்துடன்' என்று எழுதுங்கள். மூன்றாவது, ஓனர் ஃபியூஸைப் பிடுங்கினால் பயப்பட வேண்டாம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, தகராறு இருந்தாலும் கரண்ட், தண்ணீரை ஓனர் துண்டிக்கக் கூடாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, அங்கே பதிவும் ஆகியிருந்தால் நல்லது. வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள்தான் நம் மலையில் ஜாஸ்தி, அங்கேதான் எல்லாம் கோணலாகிறது. நான்காவது...

பெட்ஃபோர்டு பாலன்
சார், அந்த வீட்டைக் காலி செய்து மூன்று வருடம் ஆகிவிட்டது. கடைசி பில்லை அட்வான்ஸில் கழித்துக்கொண்டார், மோட்டாரையும் சேர்த்துத்தான்.

இப்போது வேறு வீடு. குடிவந்த அன்று மெயினை அணைத்துவிட்டு மீட்டர் பெட்டி முன்னால் கால் மணி நேரம் நின்றேன். வீட்டுக்காரப் பாட்டி பார்த்துவிட்டு டார்ச்சோடு வந்தார்.

"என்ன தம்பி தேடற? பல்லியா?"