டர்போசார்ஜர்: 'ஊட்டி' வேண்டாம், 'திணிப்பி' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சின் தொடர்பான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில், டர்போசார்ஜருக்கு 'மிகையூட்டி', 'ஆற்றலூட்டி' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்கு ஒரே குறைதான். அந்தக் கருவி எஞ்சினுக்கு ஆற்றலை ஊட்டுவதில்லை, காற்றை நெருக்கி அடைக்கிறது. காற்று கூடுதலாகப் போனால் அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம். ஆற்றல் அதிலிருந்து வருகிறது. கருவிக்குப் பெயர் வைக்கும்போது அது செய்யும் வேலையைச் சொல்லி வைப்பதுதான் முறை.

அதனால் 'திணிப்பி' என்கிறேன். திணிப்பு என்றதும் அரசியல் மேடை நினைவுக்கு வரும், தெரியும். ஆனால் புறநானூற்றின் இரண்டாம் பாட்டு 'மண் திணிந்த நிலனும்' என்றுதானே தொடங்குகிறது? அங்கே திணிதல் என்றால் செறிந்திருப்பது. அதே இடத்துக்குள் கூடுதல் காற்று, அதாவது கூடுதல் அடர்த்தி. இந்தக் கருவியின் வேலையே அதுதான்.

ஆங்கிலத்தில் இதை முதலில் 'டர்போசூப்பர்சார்ஜர்' என்றார்கள். நடுவில் இருந்த 'சூப்பர்' பிறகு உதிர்ந்துவிட்டது. டர்போசார்ஜரும் 'சூப்பர்சார்ஜர்' வகையில் ஒன்றுதான் என்பது அந்தப் பழைய பெயரிலேயே இருக்கிறது. ஆக, திணிப்பி என்பது இரண்டுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். எஞ்சின் பெல்ட் வழியாகச் சுற்றினால் 'வார்த் திணிப்பி', வெளியேறும் புகை ஒரு சுழலியை (டர்பைனை) சுற்றி அதன் வழியாக இயக்கினால் 'சுழலித் திணிப்பி'. ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-இல் காப்புரிமைக்கு எழுதிய யோசனையின் உயிரும் புகையில் வீணாகும் ஆற்றலைப் பிடிப்பதுதான்.

அடுத்த சொல்லில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கம்ப்ரெஷன் ரேஷியோவுக்கு 'அழுத்த விகிதம்' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது அழுத்தங்களின் விகிதமே அல்ல. சிலிண்டருக்குள் பிஸ்டன் அடியில் நிற்கும்போது உள்ள கொள்ளளவை, உச்சியில் நிற்கும்போது உள்ள கொள்ளளவால் வகுத்து வருவது. அப்புறம், திணிப்பியைத் தேர்ந்தெடுக்க வேறொரு எண் தேவை: காற்று அதற்குள் நுழையும்போது இருந்த அழுத்தத்துக்கும் வெளியே வரும்போது உள்ள அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். இதுதான் அசல் அழுத்த விகிதம். முன்னதை 'அமுக்க விகிதம்' என்று பிரித்துவிடுவோம்.

திணிப்பி இல்லாமல் பிறந்த எஞ்சினை 'இயல்மூச்சு எஞ்சின்' எனலாம். அதில் அமுக்க விகிதம் 11 இருப்பது சாதாரணம். அதில் கூடுதலாக அரை பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) திணித்தால் அழுத்த விகிதம் ஏறத்தாழ 1.5. சின்ன எண்தானே என்று தோன்றும். ஆனால் 27 டிகிரி காற்று அந்த அளவு நெருக்கப்பட்டதும் 80 டிகிரியை ஒட்டிப் போய்விடும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் நுழைந்த காற்றை பிஸ்டன் மறுபடி பதினொன்றில் ஒரு பங்காக அமுக்குகிறது. ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் போய்ச் சேருமுன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்கிறது. அதுதான் நாக்கிங்.

நாக்கிங்குக்கு நம் உரையாடலில் வந்திருக்கும் 'முந்தெரிவு' பொருந்தாது. பிளக் பொறி விடுமுன்பே தீப்பிடிப்பதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். நாக்கிங் பொறி விட்ட பிறகு நடப்பது. காதுக்குக் கேட்பது போலவே 'தட்டல்' என்று வைப்போம். இப்படித் தட்டி உடைந்த பிஸ்டன் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மேல் விளிம்பு எலி கொறித்தது போலப் பொரிந்து கிடந்தது. முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவே இருந்த சுவரில் ஒரு துண்டு காணோம். நகத்தை விட்டால் பள்ளம் தட்டுப்பட்டது. அதைப் பார்த்ததிலிருந்து இந்தச் சொற்களைக் குழப்பி எழுதுவதை என்னால் சும்மா விட முடிவதில்லை.

நெருக்கப்பட்டுச் சூடான காற்றை எஞ்சினுக்குப் போகுமுன் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு 'இடைக்குளிர்ப்பி' சரி, எனக்கு மறுப்பில்லை. வேஸ்ட்கேட்டுக்கு வந்த 'கழிவு வாயில்' மட்டும் சாக்கடையை நினைவூட்டுகிறது. மிஞ்சிய புகையைச் சுழலிக்குப் போகாமல் விலக்கி விடும் கதவு அது. 'விலக்குக் கதவு' போதும்.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன் (ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் தட்டலை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு): "இயல்மூச்சு எஞ்சினில் சுழலித் திணிப்பி பொருத்துவதானால், குழிவான பிஸ்டன் போட்டு அமுக்க விகிதத்தை 9 அளவுக்கு இறக்குங்கள், முடியாவிட்டால் திணிப்பைக் குறைவாக வைத்து, இடைக்குளிர்ப்பி சேர்த்து, ஆக்டேன் எண் கூடிய பெட்ரோல் ஊற்றி, பொறி விடும் நேரத்தைத் தள்ளி வையுங்கள், தட்டல் வராது." எனக்கு எங்கும் இடறவில்லை. உங்களுக்கு எந்தச் சொல் இடறுகிறது என்று எழுதுங்கள்.