‘கிளாண்டஸ்டைன்’, ‘கவர்ட்’: கரவும் போர்வையும்

அன்புடையீர்,

உளவுத்துறை பற்றிய எழுத்துகளில் வரும் ‘கிளாண்டஸ்டைன்’ (clandestine), ‘கவர்ட்’ (covert) இரண்டுக்கும் நம் கலைச்சொல் பட்டியலில் ‘இரகசிய நடவடிக்கை’ என்ற ஒன்றே போதும் என்னும் முன்மடலின் கருத்தை ஏற்க இயலவில்லை. அமெரிக்கப் படைத்துறை வழக்கில் முன்னது செயலையே மறைப்பது. பின்னது, செயல் வெளியே தெரிந்தாலும் செய்வித்தவர் யார் என்பதை மறைப்பது. சோவியத் படையின் தொலைபேசித் தடங்களை ஒட்டுக்கேட்க அமெரிக்கரும் பிரித்தானியரும் பெர்லினில் தோண்டிய சுரங்கம் முதல் வகை. 1956 ஏப்ரலில் அது வெளிப்பட்டதும் அதன் வேலையும் முடிந்துபோயிற்று. 1961 ஏப்ரலில் கியூபாவின் விமானத் தளங்களைத் தாக்க அமெரிக்க உளவுத்துறை அனுப்பிய பி-26 குண்டுவீச்சு விமானங்கள் இரண்டாம் வகை. குண்டு விழுந்ததை மறைக்க முடியாது. ஆகவே அவற்றின் மேல் கியூப வான்படையின் சின்னங்களைத் தீட்டி, தாக்கியவர்கள் கட்சி மாறிய கியூப விமானிகளே என்று கதை கட்டினார்கள். அந்தக் கதைக்குச் சான்றாக அமெரிக்காவின் மயாமியில் வந்திறங்கிய விமானத்தின் மூக்கு முழு உலோகமாக இருந்ததையும், கியூபாவிடம் இருந்தவற்றின் மூக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனதையும் செய்தியாளர்கள் கவனித்துவிட்டதால் அந்தக் கதை நெடுநாள் நிற்கவில்லை.

இலத்தீன் வேர்களிலும் இந்த வேறுபாட்டின் சாயல் உண்டு. ‘கிளாம்’ என்பது ‘பிறர் அறியாமல்’ என்னும் வினையடை. ‘கிளாண்டஸ்டைன்’ அதன் வழி வந்தது. ‘கவர்ட்’ என்பதோ ‘முழுதும் மூடு’ என்று பொருள்படும் ‘கோஓபெரீரே’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வடிவம். ‘சீக்ரட்’டின் வேர் மறைத்தலையே குறிக்கவில்லை; ‘பிரித்து ஒதுக்கி வை’ என்பதே அதன் பொருள். அதற்கு இரகசியம் என்பது இருக்கட்டும். பிறர் கண்ணில் படாமல் திருட்டுத்தனமாகச் செய்வதைக் குறிக்கும் ‘ஃபர்ட்டிவ்’ (furtive) பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். திருடனைக் குறிக்கும் ‘ஃபூர்’ அதன் மூலம் என்பதால், நம் ‘திருட்டு முழி’யே போதும், புதுச்சொல் வேண்டாம்.

இனி, ‘கிளாண்டஸ்டைன்’ என்பதற்குக் ‘களவு’ என்ற முன்மொழிவு. இதற்கு வலுவான ஆதரவு திருமணச் சட்ட வரலாற்றில் இருக்கிறது. ஒருத்தியை மறைவில் மணந்து, பின்பு அவளைக் கைவிட்டு வேறொருத்தியை ஊரறிய மணந்தவர்களால் விளைந்த கேட்டைச் சுட்டி, 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து திருச்சங்கம் பங்குத்தந்தையும் சாட்சிகளும் முன்னிலையில் இல்லாத மணம் செல்லாது என்று விதித்தது. பிரித்தானிய நாடாளுமன்றம் 1753இல் இயற்றிய சட்டத்தின் தலைப்பிலேயே ‘கிளாண்டஸ்டைன்’ மணங்களைத் தடுத்தல் என்று வருகிறது. ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம்’ (பொய்யும் தவறும் தோன்றிய பின் பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர்) என்று தொல்காப்பியக் கற்பியல் சொல்வதும் ஏறத்தாழ இதே காரணத்தைத்தான். ஆகவே அந்த மணங்களைக் ‘களவு மணம்’ என்பதில் எனக்குத் தடையில்லை, நம் இலக்கியத்தில் களவு குற்றமாக அன்றிக் காதலின் முதற்படியாகப் பாடப்படுகிறது என்ற வேறுபாட்டை மறவாத வரையில். ஆனால் இந்த ஒரு வழக்குக்காக அச்சொல்லைப் படைத்துறைக்கும் நீட்டினால், ‘களவு நடவடிக்கை’யை இலக்கியப் பயிற்சி இல்லாதவர் திருட்டு என்றே வாசிப்பார், யாழ்ப்பாணத்தில் அன்றாடப் பேச்சிலேயே களவு என்றால் திருட்டுத்தான். ‘கள்ள’ என்பதும் உதவாது. கள்ள நோட்டு, கள்ளச் சாராயம் என்று அது போலிக்கும் சட்டமீறலுக்கும் போய்விட்டது.

என் பரிந்துரை ‘கரவு’. ‘கர’ என்னும் வினைக்கு மறைத்தல், மறைதல் இரண்டும் பொருள். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளித்து வைக்கும் கரந்துறை செய்யுளில் அவ்வினை இன்னும் துறைச்சொல்லாக வாழ்கிறது. கரவுக்கு வஞ்சகம் என்ற நிழலும் உண்டு என்று மறுப்பு வரக்கூடும். ஒற்று வேலைக்கு அந்த நிழல் பொருந்தாதா என்ன?

‘கவர்ட்’ என்பதற்கு ‘மறைமுக’ என்று எழுதுகிறார்கள். மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்று அது நேரல்லாததைக் குறித்து நிலைத்துவிட்டதால் குழப்பமே மிஞ்சும். ‘வணிகர் போர்வையில் வந்த ஒற்றர்’ என்று நாம் இயல்பாக எழுதும் ‘போர்வை’ இலத்தீன் வேரோடும் ஒத்துப்போகிறது. ‘போர்வை நடவடிக்கை’ முதலில் கம்பளியை நினைவூட்டும் என்பது உண்மைதான். ‘போர்வைத் தாக்குதல்’, ‘போர்வை நிறுவனம்’ என்று தொடரில் வரும்போது அது உறுத்தவில்லை.

ஆகவே பட்டியலில் ‘கரவு நடவடிக்கை’, ‘போர்வை நடவடிக்கை’ என்று தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்க வேண்டுகிறேன். வினையடையாக வரும் இடங்களில் ‘கரவாக’, ‘பிறர் போர்வையில்’ என்று எழுதலாம்.