கலைச்சொல் விவாதம்: ஓட்டோ கியர் வண்டிக்கு ஊற்றும் ஏ.டி.எஃப்.புக்கு என்ன பெயர்?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

வாகனப் பராமரிப்புச் சொற்பட்டியலில் ஏ.டி.எஃப். (ஓட்டோமெட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃபுளூயிட்), அதாவது தானாகக் கியர் மாறும் கியர்பொக்ஸுக்குள் ஊற்றும் திரவம், என்ற இந்த ஒரு வரி மட்டும் நிரம்பாமல் கிடக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: ‘கியர் எண்ணெய்’, ‘தானியங்கி மசகு எண்ணெய்’, ‘தன்னியக்கச் செலுத்துகைத் திரவம்’. மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் பழைய வண்டிகள் படும் பாட்டைப் பார்ப்பவன் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘கியர் எண்ணெய்’ என்ற பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்குச் சொந்தம். கையால் கியர் போடும் லொறிக்கும் பின் அச்சுக்கும் ஊற்றுகிற கெட்டியான எண்ணெயைத்தான் கடையில் அப்படிக் கேட்பார்கள். ஏ.டி.எஃப். மெல்லியது, பெரும்பாலும் சிவப்புச் சாயம் போட்டது. பெயர் ஒன்றாக இருந்தால் போத்தல் மாறும், போத்தல் மாறினால் கியர்பொக்ஸ் போய்விடும்.

‘மசகு எண்ணெய்’ தமிழகத்தில் சரியாக இருக்கலாம். நம் நாட்டுப் பத்திரிகைகளில் மசகு எண்ணெய் என்றால் நிலத்திலிருந்து எடுக்கும் சுத்திகரிக்காத எண்ணெய். அதைவிடப் பெரிய குறை, உராய்வைக் குறைப்பது இந்தத் திரவத்தின் பல வேலைகளில் ஒன்று மட்டுமே. எஞ்சினின் விசையை முறுக்கு மாற்றிக்குள் (எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டருக்குள்) சக்கரப் பக்கம் கடத்துவது இதுதான். வால்வு வழிகளில் அழுத்தமாகப் போய் கிளச் தட்டுகளை இறுக்கிக் கியரை மாற்றுவதும் இதுதான். வெப்பத்தை வெளியே கொண்டுபோவதும் இதுவே. கிளச் தட்டுகள் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்க அளவான உராய்வு வேண்டும், அதற்கென்றே இதில் சேர்மானங்கள் இருக்கின்றன. உராய்வை ஒழிப்பது என்று பொருள்படும் பெயரை இதற்கு வைத்தால் பாதி வேலையை மறைத்துவிடுகிறோம்.

‘தன்னியக்கச் செலுத்துகைத் திரவம்’ பொருளில் பிழை இல்லாதது. அரச ஆவணத்தில் அதுவே இருக்கட்டும். ஆனால் கராஜில் எந்த பாஸும் (மெக்கானிக்கும்) அதைச் சொல்லப் போவதில்லை. ‘ஓட்டோ ஒயில்’ என்று சுருக்கினால் முச்சக்கர வண்டிக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை: விசைநெய். விசையைக் கடத்தும் நெய். எண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாவற்றிலும் உள்ள அதே நெய்தான். சின்னச் சொல், போத்தலில் ஒட்டலாம், தொலைபேசியில் சொன்னாலும் விளங்கும்.

பெயருக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மலையகத்தில் வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த வண்டிகளே ஓடின, இரண்டு லட்சம் கிலோமீற்றர் தாண்டியவையும் ஓடின. நம் பாதையோ கினிகத்தேனை ஏற்றமும் றம்பொடை வளைவுகளும். ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போது முறுக்கு மாற்றி பூட்டிக்கொள்ளாமல் நழுவியபடியே சுழலும், அந்த நழுவல் அத்தனையும் வெப்பமாகத் திரவத்தில் இறங்கும். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா போகும் வரிசையில் நின்று நின்று ஏறும் வண்டிக்கு இது இன்னும் கடுமை. மலைப்பாதை ஓட்டத்தைப் பல தயாரிப்பாளர்களின் கைநூல்கள் ‘கடுமையான பயன்பாடு’ என்ற வகையில் சேர்த்து, திரவத்தைச் சீக்கிரம் மாற்றச் சொல்கின்றன. ‘ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம்’ என்று விற்கும்போது சொன்னதை நம்பி இருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. கடன் வாங்கி வாங்கிய ஒரே வண்டி, அதை வைத்து வாடகை ஓடிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள்.

கோளாறுகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. கராஜில் வந்து ஆட்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளலாம். எஞ்சின் இரைகிறது, வண்டி ஏறவில்லை என்றால் வழுக்கல். கியர் விழும்போது தூக்கிப் போட்டால் இடிப்பு. சீரான வேகத்தில் போகும்போது முறுக்கு மாற்றி பூட்டுகிற இடத்தில் நடுங்கினால் உதறல். ‘டி’யிலோ ‘ஆர்’இலோ போட்டபின் சற்று நேரம் கழித்துப் பிடித்தால் பிடிதாமதம். நுவரெலியாக் குளிரில் அதிகாலை முதல் தடவை மட்டும் கொஞ்சம் தாமதித்தால் அது திரவம் கெட்டித்திருப்பதாலும் இருக்கலாம். சூடேறிய பின்னும் தாமதித்தால்தான் கவலை.

‘மாற்று’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். கியர் மாற்றுவதும் மாற்றுதான், எண்ணெய் மாற்றுவதும் மாற்றுதான். எண்ணெய் மாற்றுவதிலும் இரண்டு முறை உண்டு. அடித் திருகைக் கழற்றி வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றுவது வடித்து நிரப்பல். இயந்திரம் பூட்டி அழுத்தத்தில் முழுவதையும் வெளியேற்றுவது அலசல். ‘பழைய வண்டிக்கு ஒயில் மாற்றினால் கியர் போய்விடும்’ என்று ஊரெல்லாம் சொல்வது இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான். பல வருடம் தொடாத கியர்பொக்ஸை அலசினால் படிந்த கசடு கிளம்பி வால்வு வழிகளை அடைக்கக்கூடும். வடித்து நிரப்பினால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ பாதிதான் வெளியேறும், மீதி முறுக்கு மாற்றிக்குள் தங்கிவிடும். ஆறு லீற்றர் பிடிக்கும் பெட்டியில் மூன்று லீற்றர் வடிகிறது என்றால் முதல் தடவை 50 வீதம் புதியது, இரண்டாம் தடவை 75, மூன்றாம் தடவை 87.5. இடையில் சில நாள் ஓட்டிவிட்டுச் செய்தால் கியர்பொக்ஸுக்கும் அதிர்ச்சி இல்லை. கியர்பொக்ஸின் அடித் தட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு மெல்லிசாக இருந்தால் பயமில்லை. உலோகச் சில்லுகள் இருந்தாலோ, திரவம் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்து வண்டியும் வழுக்கினாலோ, தேய்ந்த கிளச் தட்டை எந்த விசைநெய்யும் திருப்பித் தராது. இளஞ்சிவப்புப் பால் மாதிரி கலங்கியிருந்தால் றேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டவே கூடாது.

கருத்துச் சொல்லுங்கள்.

— ஹட்டனிலிருந்து

---

தம்பிக்கு,

விசைநெய் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு தடை. ஒன்று, பிரேக் திரவமும் விசையைத்தானே கடத்துகிறது? அதையும் விசைநெய் என்று யாராவது எடுத்து ஊற்றினால்? இரண்டு, இன்று பாதி வண்டி சி.வி.டி., படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ வகை. அதற்கும் இதே பெயரா? பாடசாலையில் தொழினுட்பம் படிப்பித்தவள் என்ற முறையில் கேட்கிறேன், பிள்ளைகள் நிச்சயம் இதைக் கேட்பார்கள்.

— பண்டாரவளையிலிருந்து

---

டீச்சர், இரண்டு கேள்வியும் தேவையானவை.

நாம் அன்றாடம் பாவிக்கும் பிரேக் திரவம் கிளைக்கோல் வகை. அது எண்ணெயே அல்ல, தண்ணீரை உறிஞ்சும், அதில் எண்ணெய் கலந்தால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும். ஆகவே அதற்கு ‘நெய்’ என்ற ஈறு வரக்கூடாது. ‘தடுப்புத் திரவம்’ என்று வைப்போம். நெய் என்று முடிந்தால் எண்ணெய் வகை, திரவம் என்று முடிந்தால் அல்ல என்ற விதியைப் பட்டியலின் முன்னுரையிலேயே எழுதிவிடலாம்.

சி.வி.டி. விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, தனிப் பெயர் கட்டாயம் வேண்டும். அதில் உருக்குப் பட்டை கப்பிகளுக்கிடையில் இறுகிப் பிடித்துத்தான் வண்டி ஓடுகிறது. உலோகத்தோடு உலோகம் வழுக்காமல் பிடிக்கும்படி செய்த திரவம் அது. அங்கே சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் பட்டை வழுக்கிக் கப்பியைக் கீறிவிடும். படிப்படியான கியர் இல்லாதது என்பதால் ‘படியிலி’ என்றும், அதன் திரவத்தைப் படியிலிநெய் என்றும் சொல்லலாம். ‘விசை’ என்ற முன்சொல்லை அதில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், இரண்டு போத்தலின் பெயரும் முதல் எழுத்திலேயே வேறுபட வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. டொயோட்டா அக்வா போன்ற ஹைபிரிட்டை ‘ஈ-சி.வி.டி.’ என்று விற்கிறார்கள். அதில் பட்டையும் இல்லை, கப்பியும் இல்லை, பற்சக்கரத் தொகுதியும் மின்மோட்டார்களும்தான். அதற்கு டொயோட்டா சொல்வது டபிள்யூ.எஸ். என்ற ஏ.டி.எஃப். அதனால் அக்வாவைப் படியிலிப் பட்டியலில் சேர்க்காமல் விசைநெய் வரிசையிலேயே வைக்க வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பக்கத்திலும் தயாரிப்பாளரின் குறியீட்டை, டபிள்யூ.எஸ்., டி.டபிள்யூ-1, என்.எஸ்-3 என்று, அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிடுவோம். கடையில் அந்தக் குறியீட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

இரட்டைக் கிளச் வண்டிகளுக்கு இன்னும் சொல் வைக்கவில்லை. அதை நீங்கள் தொடங்கித் தாருங்கள் டீச்சர். உங்களிடம் படித்து இப்போது கராஜ் வைத்திருக்கும் பிள்ளைகள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் அங்கிருந்தே தொடங்கலாம்.

— ஹட்டனிலிருந்து