பழைய பைக்: செம்பட்டி வந்தால் நின்றுவிடுகிறது, இன்ஜினைப் போர் பண்ணித்தான் ஆக வேண்டுமா?

வத்தலக்குண்டிலிருந்து கேள்வி:
போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு பைக் வாங்கினேன். 2014 மாடல், 125 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் பாகம்) வைத்தது. விற்றவர் வீட்டில் ரொம்ப நாள் ஓட்டாமல் நின்றிருக்கிறது. டேங்க்குக்கு மட்டும் புதுப் பெயிண்ட்.

காலையில் சோக் இழுத்தால் ரெண்டாவது கிக்கில் எடுத்துவிடும். ஊருக்குள் சுற்றினால் ஒரு குறையும் இல்லை. திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போகும்போதுதான் தொல்லை. செம்பட்டி நெருங்கும்போது இழுவை குறையும், ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்னும் திணறும், இடித்து இடித்து நின்றுவிடும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. கொஞ்ச தூரம் போனதும் பழையபடி அதே கதை.

பிளக்கும் ஏர் ஃபில்டரும் புதிது போட்டாயிற்று. மெக்கானிக், "கம்ப்ரஷன் போச்சு, சிலிண்டருக்குள்ளே அழுத்தம் இல்லை, இன்ஜினை இறக்கி சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணணும், பத்தாயிரம் ஆகும்" என்கிறார். வண்டியே இருபத்தெட்டாயிரம்தான். காலையில் லேசாக வெள்ளைப் புகை வருவது உண்மைதான். என்ன செய்யலாம்?

பதில், தேனி:
இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். கம்ப்ரஷன் இல்லாத வண்டி ரெண்டாவது கிக்கில் எடுக்காது. சந்தேகம் இருந்தால் சாவியை ஆஃப் செய்துவிட்டு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒரு இடத்தில் தடுத்து நின்றால் கம்ப்ரஷன் இருக்கிறது.

காலை வெள்ளைப் புகை ஒரு நிமிடத்தில் மறைந்தால் அது சைலன்சருக்குள் இருக்கும் ஈரம். ரேஸ் பண்ணும்போது நீலமாக, ஆயில் கருகிய வாடையோடு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலமாக வந்து நின்றால் வால்வு சீல் போயிருக்கிறது. உங்களுக்கு இதில் எது?

பதில், கரூர்:
டேங்க் மூடியில் காற்று போகும் ஓட்டை அடைத்திருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராமல் நிற்கும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் அதுதான் காரணம். எனக்கு இருந்ததும் இதே தொல்லைதான், ஒரு ஊசியோடு முடிந்தது.

பதில், சென்னை:
எல்லாம் இந்த இ20 பெட்ரோல் (இருபது சதவீதம் எத்தனால் கலந்தது) பண்ணுகிற வேலை. பழைய வண்டி எல்லாம் இனிமேல் இப்படித்தான்.

வத்தலக்குண்டு:
மூடியைத் திறந்து பார்த்தேன், சத்தம் எதுவும் இல்லை. புகை வெள்ளைதான், உடனே மறைந்துவிடுகிறது. இன்னொரு விஷயம், சொல்லலாமா என்று தெரியவில்லை. நான் தினமும் நூறு ரூபாய்க்குத்தான் பெட்ரோல் போடுவேன், பாதி நேரம் ரிசர்விலேயே ஓடும். போன வாரம் மதுரைக்குப் போக ஃபுல் டேங்க் போட்டேன். அன்றைக்கு நிற்கவே இல்லை.

பதில், மதுரை (பட்டறை வைத்திருக்கிறேன்):
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் சூட்டில் போகிறது என்றால் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் போகும். மூடி ஓட்டை அடைப்பாக இருந்தால் ஃபுல் டேங்கில்தான் இன்னும் சீக்கிரம் நிற்க வேண்டும், ஏனென்றால் மேலே காற்றுக்கு இடமே குறைவு. ஃபுல்லில் ஓடி, ரிசர்வில் நிற்கிறது என்றால் டேங்குக்கு அடியில் ஏதோ இருக்கிறது.

பெட்ரோல் டேப்புக்கு டேங்குக்குள் ரெண்டு வழி. ஆன் வழி கொஞ்சம் உயரமான குழாய். ரிசர்வ் வழி அடியோடு அடியாக இருக்கும். துரு, மண், தண்ணீர் எல்லாம் படிவது அங்கேதான். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கசிந்து வருவது போதும். நெடுஞ்சாலையில் குடிக்கிற வேகத்துக்கு வராது; கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும், வண்டி நிற்கும். நீங்கள் டீ குடிக்கிற நேரத்தில் கிண்ணம் நிறைந்துவிடுகிறது.

நின்ற உடனே இதைச் செய்யுங்கள். இன்ஜின் கொஞ்சம் ஆறட்டும், பக்கத்தில் யாரும் பீடி பிடிக்க வேண்டாம். டேப்பிலிருந்து வரும் டியூபைக் கார்புரேட்டரில் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். தாரையாக விழுந்தால் டேப் நல்லது, கார்புரேட்டரில் மிதவை ஊசியை (கிண்ணத்துக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்துவது) பாருங்கள். முதலில் வந்து பிறகு நூலாகிச் சொட்டினால் டேப்பைக் கழற்றுங்கள்.

சென்னை நண்பருக்கு: எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டியூபைக் கெடுக்கும், அது சரி. ஆனால் அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டி எந்தப் பெட்ரோலிலும் துருப்பிடிக்கும்.

பதில், சேலம்:
கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றும் படிவம் 29, 30 ரெண்டிலும் விற்றவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டீர்களா? இன்ஜின் நாளைக்கும் சரியாகும், ஆளை அப்புறம் தேட முடியாது.

வத்தலக்குண்டு:
கையெழுத்து வாங்கியாச்சு அண்ணா.

மதுரைக்காரர் சொன்னபடியே நூலாகித்தான் சொட்டியது. டேப்பைக் கழற்றினேன். சின்ன வலை ஃபில்டர் முழுக்கச் செங்கல் நிறத்தில் சேறு, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் டேங்குக்கு உள்ளே அடிப்பக்கம் முழுக்கத் துரு. வெளியே மட்டும் பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். வலையைக் கழுவி மாட்டியதும் திண்டுக்கல் போய்வந்தேன், நிற்கவில்லை. ஆனால் துரு அங்கேதானே இருக்கிறது?

மதுரை:
திரும்ப அடைக்கும். டேங்கைக் கழற்றி, டேப் ஓட்டையை அடைத்து, வெள்ளை வினிகரை ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். உள்ளே கொஞ்சம் நட்டு போல்ட்டைப் போட்டுக் குலுக்கலாம், எண்ணி எடுக்க மறக்காதீர்கள். அப்புறம் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அன்றைக்கே கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றிவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே துரு ஏறும். புதுப் பெயிண்ட்டில் வினிகர் சிந்த வேண்டாம். துரு ஓட்டை போட்டிருந்தால் மட்டும் வேறு டேங்க்.

கார்புரேட்டர் கிண்ணத்தையும் கழற்றிக் கழுவி, ஸ்லோ ஜெட்டில் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் சின்னத் துளை) காற்று அடித்துவிடுங்கள். டியூபில் வெளி ஃபில்டர் போட்டால் அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் இருக்கட்டும்.

வத்தலக்குண்டு:
ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். இன்ஜின் ஆயிலும் மாற்றலாம் என்றிருக்கிறேன். வீட்டில் கார் ஆயில் ஒரு டின் இருக்கிறது, ஊற்றலாமா?

தேனி:
வேண்டாம். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருந்தால் கிளட்ச் வழுக்கும். டின்னில் ஜாஸோ எம்ஏ (JASO MA, இப்படி ஆயிலில் ஓடும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற குறி) என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், கிரேடு உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.