இங்கிலாந்தில் படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஸ்கூலில் உதவி வாங்குவது எப்படி?

கேள்வி: மகனுக்கு எட்டு வயது, இயர் 3 படிக்கிறான். ஊரில் இருந்தபோதே தமிழ் வாசிக்கத் திணறினான். இங்கே டீச்சர், "முதலில் இங்கிலீஷ் வரட்டும், ஒரு வருஷம் பார்க்கலாம்" என்கிறார். கையில் மெடிக்கல் ரிப்போர்ட் எதுவும் இல்லை. என்ன செய்வது?

பதில் 1: ஒரு வருஷம் காத்திருக்காதீர்கள். ரிப்போர்ட்டும் கட்டாயமில்லை. இங்கே 2014ஆம் ஆண்டின் சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் சட்டம் எந்தக் குறைபாட்டின் பெயரையும் கேட்பதில்லை. அதே வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோரைவிட இவனுக்குப் படிப்பது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதா, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டுமா என்றுதான் பார்க்கிறது.

வீட்டுமொழி வேறு என்பதை மட்டும் வைத்துக் கற்றல் சிரமம் என்று சொல்லக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. டீச்சர் தயங்குவதற்குக் காரணம் இதுதான். அதனால் சிரமம் தமிழிலும் இருந்தது என்று காட்டுவதுதான் உங்கள் முதல் வேலை. "ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துட்டு வா" என்றால் இரண்டாவதை விட்டுவிடுகிறானா? கேட்ட கதையை வரிசையாகத் திருப்பிச் சொல்கிறானா? 'படம்', 'பாடம்' இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கிறானா? உயிர்மெய் எழுத்துகள் எந்த வயதில் பிடிபட்டன? இவற்றை ஒரு பக்கத்துக்குள் இங்கிலீஷில் எழுதுங்கள். பழைய நோட்டுப் பக்கங்களையும் ரேங்க் கார்டையும் போட்டோ எடுத்து, என்ன என்று ஒரு வரி விளக்கத்தோடு சேருங்கள்.

அதை ஸ்கூலின் சென்கோவுக்கு ஈமெயிலில் அனுப்புங்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் கவனிக்கவென்றே எல்லா அரசு ஸ்கூலிலும் இருக்கும் பொறுப்பாசிரியர் அவர். கேட்டில் பிள்ளையை விடும்போது டீச்சரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு எந்தப் பதிவும் இருக்காது. ஈமெயிலில் 'சென் சப்போர்ட்'டில், அதாவது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்கூலே தரும் கூடுதல் உதவியில், சேர்க்கச் சொல்லுங்கள். என்ன உதவி, யார் செய்வார், வாரம் எத்தனை தடவை, எத்தனை நிமிஷம், எப்போது மறுபடி பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். வருஷத்துக்கு மூன்று தடவையாவது பெற்றோரைச் சந்திக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டியே சொல்கிறது. மீட்டிங்குக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிள்ளையையோ அக்காவையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள், முக்கியமான பாதி காணாமல் போய்விடும்.

இரண்டு டெர்ம் பார்த்தும் முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்தது இ.எச்.சி.பி. (EHCP), அதாவது பிள்ளைக்கு என்னென்ன உதவி என்று கவுன்சில் எழுதித் தரும் சட்டப்படியான திட்டம். அதற்கான மதிப்பீட்டை ஸ்கூல்தான் கேட்க வேண்டும் என்றில்லை, நீங்களே கவுன்சிலுக்கு (உங்கள் ஊரின் உள்ளாட்சி அமைப்பு) எழுதலாம். இந்தக் கட்டத்தில் பலரைத் திருப்பி அனுப்புவது இரண்டு வாக்கியங்கள்: "ஸ்கூல் முதலில் 6,000 பவுண்டு செலவழித்திருக்க வேண்டும்", "எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டும்". இரண்டும் சட்டத்தில் இல்லை. சிறப்புத் தேவை இருக்கிறது அல்லது இருக்கலாம், திட்டத்தின் வழியாக உதவி தேவைப்படலாம் என்றாலே போதும். மதிப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டால் சைக்காலஜிஸ்டின் அறிக்கையை வாங்க வேண்டியதும் கவுன்சில்தான்.

கோரிக்கை போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 6 வாரத்துக்குள், மதிப்பிடுவார்களா மாட்டார்களா என்று பதில் வர வேண்டும். திட்டம் தருவதானால் மொத்தம் 20 வாரத்தில் கைக்கு வர வேண்டும். பல கவுன்சில்கள் இந்தக் கெடுவைத் தாண்டுகின்றன. ஆறாவது வாரம் முடிந்த மறுநாளே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மனம் தளர வேண்டாம். மீடியேஷன் (சமரசப் பேச்சு) பற்றிய சான்றிதழ் வாங்கி, இந்த வழக்குகளை விசாரிக்கும் ட்ரிப்யூனலுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 2 மாதம், அல்லது சான்றிதழ் வந்து 1 மாதம், எது பிந்தியதோ அதுவே கடைசி நாள்.

திட்டத்தின் வரைவு வந்ததும், படிப்புக்கான உதவிகளை எழுதும் 'எஃப்' பகுதியைத்தான் வரிக்கு வரி படிக்க வேண்டும். அங்கே இருப்பதைக் கவுன்சில் செய்தே ஆக வேண்டும். அதனாலேயே அங்கே வழுக்கலான வார்த்தைகள் நுழைகின்றன: 'ஆக்ஸஸ் டு' (கிடைக்க வழி), 'ஆப்பர்ச்சூனிட்டீஸ் ஃபார்' (வாய்ப்புகள்), 'ஆஸ் ரிக்வயர்ட்' (தேவைப்பட்டால்), 'ரெகுலர்' (அவ்வப்போது). "வாசிப்புக்கு ரெகுலர் சப்போர்ட்" என்றால் மாதம் ஒரு தடவை உட்கார்ந்தாலும் சரியாகிவிடும். "பயிற்சி பெற்ற உதவியாளர், தனியாக, வாரம் நான்கு நாள், 20 நிமிஷம், ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஒலியைச் சேர்த்து வாசிக்கும் பயிற்சி)" என்று மாற்றச் சொல்லுங்கள். கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் தருவார்கள். அதில் வார இறுதியும் அடங்கும், உடனே உட்காருங்கள்.

பதில் 2: மேலே சொன்னதோடு சில விஷயங்கள். பேச்சுப் பயிற்சியை 'ஜி' என்ற மருத்துவப் பகுதியில் போட்டிருந்தால் விடாதீர்கள். படிக்கவும் பேசவும் பழக்குகிற பயிற்சி என்றால் அது 'எஃப்' பகுதிக்குத்தான் வர வேண்டும்.

டிஸ்லெக்ஸியா (வாசிப்பு, எழுத்துச் சிரமம்) பார்க்கச் சொல்லி ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) போனால் அங்கே பொதுவாக நடக்காது. ஆனால் காதுப் பரிசோதனைக்கு ஜிபியிடம் கேளுங்கள். கண் பரிசோதனை 16 வயதுக்குக் கீழே என்.எச்.எஸ். கணக்கில் இலவசம், பக்கத்துக் கண்ணாடிக்கடையிலேயே பார்க்கலாம். இரண்டையும் முதலிலேயே முடித்துவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லி யாரும் தள்ளிப்போட முடியாது.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழியால் கற்றல் சிரமம் வராது. அவனுக்குச் சரளமாக வரும் மொழியும் போய்விட்டால் அவன் யாரிடம் மனம்விட்டுப் பேசுவான்?

விசா பயம் பலருக்கு இருக்கிறது. விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' (பட்டியலிட்ட அரசு உதவித்தொகைகளை வாங்கக்கூடாது) என்று இருந்தாலும் அரசு ஸ்கூல், சென் சப்போர்ட், இ.எச்.சி.பி. எதுவும் அதில் சேராது, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் டிசபிலிட்டி லிவிங் அலவன்ஸ் என்ற ஊனமுற்ற பிள்ளைகளுக்கான உதவித்தொகை அந்தப் பட்டியலில் உண்டு. யாராவது அதற்கான ஃபாரத்தை நீட்டினால் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடிதம் எழுத உதவிக்கு: உங்கள் கவுன்சில் பெயரோடு 'சென்டியாஸ்' (SENDIASS) என்று தேடுங்கள், பெற்றோருக்கு ஆலோசனை தரும் சேவை, இலவசம். 'இப்சியா' (IPSEA) அறக்கட்டளையின் தளத்தில் மாதிரிக் கடிதங்கள் இருக்கின்றன. இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸில் சட்டம் வேறு.