கொழும்பு, இரத்தினபுரி நூதனசாலைகள்: போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். வருகிற விடுமுறைக்கு மகனையும் அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் இயற்கை வரலாற்று நூதனசாலைகளுக்குக் கூட்டிக்கொண்டு போக யோசனை. மகனுக்கு ஒன்பது வயது. குளக்கட்டில் பொறுக்கிய ஆமை ஓட்டுத் துண்டு, மயிலிறகு, எந்தப் பிராணியுடையதோ ஒரு பல் எல்லாம் பிஸ்கட் பேணிக்குள், கட்டிலுக்குக் கீழே, மணத்துக்கொண்டு கிடக்கின்றன. இரணைமடுச் செம்மண்ணில் கற்காலக் கல்லாயுதங்கள் கிடைத்தன என்று நான் வாய்விட்ட நாளிலிருந்து கிணற்றடிக் கல்லைக்கூட விடுகிறானில்லை.

கொழும்பில், 1877இல் தொடங்கிய தேசிய நூதனசாலையையும் பக்கத்திலேயே 1986இல் திறந்த இயற்கை வரலாற்று நூதனசாலையையும் ஒரே நாளில் பார்க்கலாமா, பிள்ளைகள் களைத்துவிடுவார்களா? பிறகு இரத்தினபுரி. மாணிக்கக் குழிகளில் கிடைத்த பழங்கால யானை, காண்டாமிருக, நீர்யானை எலும்புகளுக்காகவே அங்கே போக வேண்டும்; இலங்கையில் காண்டாமிருகம் இருந்தது என்றால் இவன் நம்புகிறானில்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் போய் அன்றே திரும்பினால் சரிவருமா?

விளக்கப் பலகைகள் தமிழில் இருக்கின்றனவா என்றும் சொல்லுங்கள். போன வருடம் வேறோர் இடத்தில் நான்தான் ஒவ்வொன்றாக வாசித்து மொழிபெயர்த்துத் தொண்டை கட்டி வந்தேன்.

அந்தப் பல்லை யாரிடம் காட்டலாம்? பன்றி என்கிறார் அப்பா, மகன் ஒப்புகிறானில்லை.